கொங்கன் வந்த வழி: பாலக்காடு பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே "எங்கள் பாலக்காடு" என்று எழுதிவிட்டேன். அந்த 'எங்கள்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்றிரண்டு வாழ்த்து, ஒன்று வசவு, மீதியெல்லாம் கேள்வி. சரி, இந்த முறை வேறு ஊர்ப் பேச்சு வேண்டாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் 31 வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். டீக்கடையில் என்னை மலையாளத்தில் 'மாஷே' என்பார்கள். வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள் 'வாத்தியாரே, இருக்கறீங்களா' என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

பாலக்காடு கேரளாவில் அல்லவா இருக்கிறது? தமிழரான நீங்கள் 'எங்கள்' என்று எப்படி உரிமை கொண்டாடலாம்?
— ஒரு வாசகர், பல்லடம்

உரிமை கொண்டாடவில்லை ஐயா, முகவரி சொன்னேன். என் தாத்தா காலத்தில் எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி மகாராஜாவின் சீமை. பக்கத்திலேயே இருக்கிற பாலக்காட்டு டவுனோ மலபார் ஜில்லா, மதராஸ் மாகாணம். தாத்தா மாட்டு வண்டியில் டவுனுக்குப் போனால் மகாராஜாவின் எல்லையைத் தாண்டி வெள்ளைக்காரன் எல்லைக்குள் போகிறார் என்று கணக்கு. மாட்டுக்கு அது தெரியாது. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தது. 1957 ஜனவரி 1-ல் பாலக்காடு தனி மாவட்டமானது. அப்போதுதான் கொச்சித் துண்டும் மலபார்த் துண்டும் ஒரே கலெக்டருக்குக் கீழே வந்தன.

வகுப்பில் வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "சார், மலம்புழை அணையைக் காமராஜர் திறந்தார்ன்னு போட்டிருக்கு, இங்க வந்து அவரு எதுக்குத் திறந்தாரு?" 1955 அக்டோபர் 9-ல் அவர் அதைத் திறந்தபோது மலம்புழை மதராஸ் மாநிலத்தில்தான் இருந்தது. முதலமைச்சர் தன் மாநிலத்து அணையைத் திறந்தார், அவ்வளவுதான். அடுத்த வருடம் கோடு மாறிவிட்டது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று கிழக்கு ஓரத்துப் பஞ்சாயத்துகளில் நீங்கள் தமிழிலேயே பேசி, தமிழிலேயே சண்டை போட்டு, தமிழிலேயே சமாதானம் ஆகிவிடலாம். மண்ணும் அப்படித்தான். கேரளம் என்றால் செம்மண் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து கரிசலைப் பார்க்கவேண்டும். மழை பெய்த மறுநாள் செருப்பு காலோடு வராது.

வண்டித்தாவளம், வேலந்தாவளம் என்றெல்லாம் பஸ் போர்டில் பார்த்தேன். அது என்ன 'தாவளம்'?
— ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

நல்ல கேள்வி. தாவளம் என்றால் தங்கிப் போகிற இடம். வண்டி அவிழ்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சோறாக்கித் தின்று, விடிந்ததும் பூட்டிக்கொண்டு போவார்களே, அந்த இடம். வண்டித்தாவளம் சித்தூருக்குத் தெற்கே. வேலந்தாவளம் கோயம்புத்தூர் எல்லையில். அட்டப்பாடி மலைக்குள் ஓர் ஊருக்கு முன்னொட்டு எதுவுமே கிடையாது, வெறும் தாவளம்தான். மேற்குக் கடற்கரை முசிறித் துறைமுகத்துக்கும் கரூருக்கும் நடுவே சரக்குப் போன காலத்திலிருந்தே இது வழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வண்டி ஏறி இறங்காமல் சமதளத்தில் கடக்கிற பெரிய வாசல் இது ஒன்றுதான்.

தாத்தா போகும்போது கருவாடும் கொப்பரையும் ஏற்றிப் போவார், வரும்போது பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து பருப்பும் மிளகாயும் வெல்லமும் வரும். அவர் வண்டியின் கடையாணி ஒன்று இன்னும் எங்கள் வீட்டுக் கொடிக்கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

'பாலக்காடு' என்ற பெயருக்குப் பாலை மரம் நின்ற காடு என்கிறார்கள், பாலை நிலம் என்றும் சொல்கிறார்கள். சித்திரை மாதம் வந்து நின்று பார்த்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்று வானிலைச் செய்தியில் சொல்கிறார்களே, அது நிஜமாகவே அவ்வளவு பெரிய விஷயமா?
— ஒரு மாணவர், சூலூர்

சூலூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே தம்பி! ஆனி, ஆடியில் உங்கள் ஊர்த் துணியெல்லாம் கொடியிலிருந்து பறக்கிறதே, அது எங்கள் வழியாக வருகிற காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல் சுவர் மாதிரி நிற்கின்றன. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குச் சுவரே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கடல் காற்று இதன் வழியே பாய்ந்து கிழக்கே போகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை சுற்றுவதற்குக் காரணம் அதுதான். எங்கள் கஞ்சிக்கோட்டிலும் சில சுற்றுகின்றன.

கார்த்திகை பிறந்தால் திசை மாறிவிடும். உங்கள் பக்கத்திலிருந்து வறண்ட காற்று எங்களைக் கடந்து திருச்சூர் வரைக்கும் போகும். அங்கே அதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர். விருச்சிகம் என்றால் நம் கார்த்திகைதான். மார்கழியில் வகுப்பின் கிழக்குச் சன்னலைத் திறந்தால், கரும்பலகையில் நான் அழித்த சாக்குத் தூள் முழுக்க மேற்கு ஓரத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் தலையில். அதனாலேயே அந்தப் பெஞ்சில் உட்காரச் சண்டை நடக்கும், தண்டனை என்று நினைத்து அல்ல, மதியத்துக்குள் கிழவன் வேஷம் தானாக வந்துவிடும் என்பதால். ராத்திரி பனையோலை உரசுகிற சத்தம் மழை பெய்வது போலவே இருக்கும். எழுந்து போய் வாசலில் கை நீட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கேரளத்தைப் பச்சைப் பசேல் என்று படத்தில் மட்டும் பார்த்தவர்கள் ஏப்ரலில் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

சித்தூரில் 'கொங்கன்படை' என்று ஒரு திருவிழா நடக்கிறதாமே. கொங்கு நாட்டுக்காரர்களைத் திட்டுகிற விழா என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?
— ஒரு வாசகர், பெருந்துறை

திட்டுவதில்லை. தோற்கடிக்கிறார்கள்.

மாசி மாதம் சித்தூர் பகவதி கோயிலில் நடக்கிறது. கொங்கு நாட்டு மன்னன் ஒருவன் படை திரட்டிக்கொண்டு கணவாய் வழியாக வந்தான், ஊர் பகவதியிடம் முறையிட்டது, பகவதியே களத்தில் இறங்கி அவனை வென்றாள் என்பது கதை. படை வருவது, ஊர் பதறுவது, போர், வெற்றி எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார்கள். வெடியும் செண்டையும் விடிய விடிய.

நான் பத்து வயதில் அப்பா தோளில் ஏறி முதன்முதலாகப் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் "கொங்கன் வந்நு, கொங்கன் வந்நு" என்று கத்துகிறார்கள். நான் குனிந்து அப்பாவிடம், "கொங்கன்னா யாருங்கப்பா?" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்மதாண்டா" என்றார். எனக்கு வந்த பயத்தைச் சொல்லி முடியாது. எங்கே நம்மை அடையாளம் கண்டு பிடித்துவிடுவார்களோ என்று அப்பா தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் முன்னால் நின்றுகொண்டு பகவதி ஜெயிக்கவேண்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். கவுண்டரும் செட்டியாரும் முதலியாரும் தங்கள் பாட்டன் படை தோற்பதைப் பார்க்கப் பலகாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இப்போதும் வருகிறார்கள். போன முறை என் பேரன் என் தோளில் ஏறவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கத்து மதிலில் ஏறிக்கொண்டான். அவன் எதுவும் கேட்கவில்லை, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

உங்கள் நண்பரை ஒரு மாசிக்கு அழைத்து வாருங்கள். ஆபத்து ஒன்றும் இல்லை.

திப்பு சுல்தான் கட்டிய கோட்டைதானே பாலக்காட்டுக் கோட்டை?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பெயர் அவர் பெயரில் ஓடுகிறது, கட்டியது அப்பா. 1766-ல் ஐதர் அலி. அதற்கு முன்கதை உங்கள் ஊரில் இருக்கிறது: 1757-ல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் படைக்குப் பயந்து பாலக்காட்டு ராஜா உதவி கேட்டு ஆள் அனுப்பியது, அப்போது திண்டுக்கல்லில் பொறுப்பில் இருந்த இதே ஐதரிடம்தான். உதவிக்கு வந்தவர் அப்புறம் கோட்டையே கட்டிவிட்டார். பலமுறை கை மாறி, 1790-ல் ஆங்கிலேயர் கையில் நின்றது. உள்ளே ஓர் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. சனிக்கிழமை போனால் வடைமாலை மணக்கும்.

எம்.ஜி.ஆர். பாலக்காட்டுக்காரர் என்கிறார்கள், கண்டியில் பிறந்தவர் என்கிறார்கள். எது சரி?
— ஒரு வாசகி, தாராபுரம்

இரண்டும். 1917-ல் கண்டியில் பிறந்தார். தாயார் சத்தியபாமாவுக்கு ஊர் வடவன்னூர், கொல்லங்கோட்டுக்குப் போகிற வழியில். அந்த ஊர்ப் பக்கம் ஏதாவது சினிமாப் பேச்சு வந்தால் கிழவர்கள் 'நம்ம சத்தியபாமாவோட மகன்' என்று தொடங்கியதை நானே கேட்டிருக்கிறேன். கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பிறந்த எலப்புள்ளி எங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரம்தான். செம்பை வைத்தியநாத பாகவதரின் செம்பை, கோட்டாயிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கிராமம். இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் இதழ் தீர்ந்துவிடும்.

எங்கள் ஆழியாற்றுத் தண்ணீரை ஏன் கேரளாவுக்குக் கொடுக்கவேண்டும்? எங்களுக்கே பற்றவில்லை.
— ஒரு விவசாயி, ஆனைமலை

என் தங்கையை ஆனைமலையில்தான் கொடுத்திருக்கிறது. இதே கேள்வியை மச்சான் ஒவ்வொரு தை மாதமும் போனில் கேட்பார். அவருக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆழியாறு உங்கள் மலையில் பிறந்து மேற்கே இறங்கி எங்கள் சித்தூர்ப் புழையாகிறது. பறளி என்ற இடத்தில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடலைத் தொடுகிறது. நீங்கள் அணை கட்டிய பிறகு ஆற்றில் தானாக வருவது நின்றுபோய், கணக்குப் பார்த்து விடுவது என்றானது. 1970-ல் எழுதிய பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் அளந்து வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் பள்ளத்தாக்குக்குத் தரவேண்டும். வருடம் என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அந்தத் தண்ணீர் மூலத்தறையில் தடுக்கப்பட்டு வலது, இடது கால்வாய்களில் பிரிகிறது. கால்வாயின் கடைமடையில் என் பங்காளிகளுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் சின்ன நூல் மாதிரி வந்து சேரும். பிள்ளைகள் அதன் முன்னால் நடந்துகொண்டே வழியில் கிடக்கும் சருகைத் தள்ளிவிடுவார்கள்.

இப்போது மறுபக்கம். பரம்பிக்குளம் அணை இருப்பது எங்கள் மாவட்டத்தில், அதை நடத்துவது தமிழ்நாடு. அங்கே சேர்கிற தண்ணீர் மலையைக் குடைந்து திருமூர்த்தி அணைக்குப் போய் உடுமலை, பல்லடம் வயல்களுக்குப் பாய்கிறது. (முதல் கேள்வி கேட்ட பல்லடத்துக்காரர் கவனிக்க.) இன்னும் ஒரு வேடிக்கை: பாலக்காட்டு மாவட்டத்துக்காரனான நான் பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போகவேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் திரும்பவும் கேரளத்துக்குள் நுழையமுடியும். கோயம்புத்தூர் குடிக்கிற சிறுவாணியும் எங்கள் மாவட்டத்து அணைதான். அட்டப்பாடியில் ஓடுகிற பவானி மேற்கே போகாமல் உங்கள் பக்கமே வந்துவிடுகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதினால் யார் யாருக்குக் கடன் என்று ஒரு வாத்தியாரால் கூட்ட முடியாது.

தண்ணீருக்காக நிஜமாக அழுதவர்களைப் பார்க்கவேண்டுமென்றால் பெருமாட்டிப் பஞ்சாயத்துப் பிளாச்சிமடைக்கு வாருங்கள். 2000-ல் அங்கே ஒரு பன்னாட்டுக் குளிர்பான ஆலை வந்தது. சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் குறைந்து, இருந்ததும் சோறு வேகாத தண்ணீராகிவிட்டது என்று 2002 ஏப்ரலில் மக்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மயிலம்மா 2007-ல் காலமானார். இழப்பீட்டுக்காக 2011-ல் கேரளச் சட்டமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றியது. இழப்பீடு வந்ததாக அங்கே யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

கம்பராமாயணம் கேரளக் கோயில்களில் பாடப்படுகிறது என்று படித்தேன். நம்ப முடியவில்லை.
— ஒரு தமிழாசிரியை, காரைக்குடி

நானும் கண்ணால் பார்க்கும்வரை நம்பவில்லை டீச்சர். தோல்பாவைக்கூத்து என்று பெயர். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்திரகாளி கோயில்களில் தை, மாசி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை நடக்கும். ராமன் ராவணனோடு போர் செய்த நேரத்தில் காளி தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம். ராமன் போரைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தீர வருடா வருடம் அவளுக்குக் காட்டுகிறார்கள். அதனால் பார்க்கவேண்டியவள் அவள் ஒருத்திதான். மனிதர்கள் வந்தாலும் வராவிட்டாலும் கூத்து நிற்காது.

நான் போனது ஷொறணூர்ப் பக்கம் ஒரு கோயிலுக்கு. கோயிலைப் பார்த்தபடி கூத்துமாடம் என்று நீளமான ஒரு மேடைக் கட்டடம். முன்னால் திரை, திரைக்குப் பின்னால் உடைத்த தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்கு. ராத்திரி பத்து மணிக்குச் சின்னக் கூட்டம் இருந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து பேர். இரண்டு மணிக்கு நானும் ஒரு நாயும். கூத்து நடத்துகிறவர்களைப் புலவர் என்றுதான் அழைக்கிறார்கள். நம்மூரில் அந்தப் பட்டத்துக்குப் பரீட்சை எழுதவேண்டும். இங்கே பரம்பரையாக ஓதி ஓதி வாங்குகிறார்கள்.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இழுத்துப் பாடுகிற மெட்டு மலையாளமாகக் காதில் விழுந்தது. அப்புறம் ஒரு சொல் தெரிந்தது, அடுத்த சொல் தெரிந்தது, பார்த்தால் வாலி மார்பில் அம்பைப் பிடித்துக்கொண்டு ராமனைக் கேட்கிற இடம். பாட்டு கம்பன், உரை தமிழும் மலையாளமும் கலந்தது. ராமனுக்காக ஒருவர் வாதாட, வாலிக்காக இன்னொருவர் எதிர்வாதம் செய்ய, திரையில் தோல்பாவை அசையாமல் நிற்கிறது. அரை மணி நேரம் பேச்சுதான். ழகரம் எங்கள் தெருவை விடச் சுத்தம். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டு வந்தபோது அடுத்த அடியை வாய்க்குள் சொல்லிவிட்டேன் போல. விடிந்து நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது, விளக்குக் கரி மூக்கில் ஒட்டியிருந்த பெரியவர் ஒருவர், "ராத்திரி கூடப் பாடியது நீங்களா?" என்றார். எதிரொலி என்று நினைத்தாராம். பாவைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, மான் தோலில் குத்திய ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு நகை.

கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. உங்கள் மாணவர்களை ஒருமுறை அழைத்து வாருங்கள். நாய்க்குத் துணையாக இருக்கும்.

கேரள அரசு அலுவலகங்களில் தமிழில் மனு கொடுத்தால் வாங்குவார்களா?
— ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

வாங்கவேண்டும். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுதிக்கொள்ளலாம் என்கிறது. நடப்பு வேறு. ஓர் அலுவலகத்தில் நிலவரி சம்பந்தமாகத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். இளம் வயதுக் குமாஸ்தா வாங்கித் திருப்பிப் பார்த்து, "இதெந்தா மாஷே, ஜாதகமோ?" என்றார். கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் நக்கல் இல்லை, நிஜமாகவே அந்த எழுத்து அவருக்குத் தெரியவில்லை. சட்டத்தின் பெயரைச் சொன்னதும் உள்ளே போய் யாரையோ கேட்டு வந்து வாங்கிக்கொண்டார். பதில் ஏழு வாரம் கழித்து மலையாளத்தில் வந்தது. மலையாளம் எனக்குப் படிக்க வரும், அது வேறு விஷயம். 2017 முதல் எல்லாப் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். எங்கள் பிள்ளைகள் அதைக் கற்பது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கூடவே ஒவ்வொரு எல்லை அலுவலகத்திலும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவரையாவது போட்டால் என்ன என்பதுதான் என் கேள்வி. நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. பாலக்காட்டில் எங்கே போகலாம்?
— ஒரு தம்பதி, ஈரோடு

காலையில் சாப்பிடாமல் கிளம்புங்கள். வாளையாறு தாண்டி எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் சில முதலியார் குடும்பங்கள் அங்கே சுடுகிற இட்லிக்குத்தான் ராமசேரி இட்லி என்று பெயர். தோசை மாதிரி தட்டையாக இருக்கும். மண் வளையத்தில் நூலால் வலை பின்னி, மேலே துணி போட்டு, மாவு ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விறகடுப்பில் வேக வைப்பார்கள். பொடியில் தேங்காயெண்ணெய் குழைத்துத் தருவார்கள். நல்லெண்ணெய் கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

அப்புறம் கல்பாத்தி. 'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். ஆற்றங்கரையில் விசுவநாதர், இரண்டு பக்கமும் அக்கிரகாரம். நவம்பர் தேர் சமயத்தில் போனால் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, சாதாரண நாளே நல்லது. மதியம் கோட்டை. வெயில் தாழ்ந்ததும் சித்தூர் தெக்கேகிராமம். மலையாளத்தின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் குருமடம் அங்கே இருக்கிறது. ஆற்றுக்கு அந்த இடத்தில் சோகநாசினி என்று பெயர். ஆனைமலையிலிருந்து வருகிற அதே தண்ணீர்தான், மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ராமசேரிக்குப் பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிந்தினால் இட்லி இருக்கும், உட்கார இடம் இருக்காது.